ஆங்கில வினையடையை இனங்காணும் வகை

ஓர் இளைஞன் தொழில் ஒன்றை நாடி ஆங்கிலத்தில் விண்ணப்பம் வரைகிறான் என்று கொள்க. முன்பு பணியாற்றிய இடத்தில் தான் கடினமாக உழைத்த செய்தியை அதிகாரிகள் அறிதல் வேண்டும் என்பது அவன் விருப்பம். கடினம் என்பதற்கு ஆங்கிலச் சொல் ‘ஹார்ட்’ என்பதை அவன் அறிவான். தமிழில் ‘ஆக’ என்னும் ஈறு வருமிடத்து ஆங்கிலத்தில் ‘லி’ என்னும் ஈறு வரும் என்பதையும் பள்ளியிலே கற்றிருக்கிறான். தமிழில் ‘கடினமாக’ என்பது ‘உழைத்தேன்’ என்பதற்கு முன்னே நிற்றலின், ஆங்கிலத்திலும் அவ்வாறே நிறுத்தி, ‘ஐ ஹார்ட்லி வேர்க்ட்’ என எழுதி முடிக்கிறான்.

அவன் எழுதிய வாக்கியத்தின் பொருள் யாது? ‘நான் வேலை செய்தது இல்லையென்றே சொல்லலாம்’ என்பதுதான். கடினமாக உழைத்த ஒருவன் தன் கையாலேயே தன்னைச் சோம்பேறி என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ‘ஐ வேர்க்ட் ஹார்ட்’ என்று எழுதியிருப்பானாயின் கருதிய பொருள் கிடைத்திருக்கும். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. காலப் பிழையும் இல்லை. பிழை நேர்ந்த இடம் வினையடை என்னும் ஒரு சிறு சொல்லே.

இலங்கையின் அரசமைப்பில் 1987ஆம் ஆண்டு செய்யப்பட்ட பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி எனக் கூறுகிறது. விண்ணப்பம், முறைப்பாடு, ஒப்பந்தம், பரீட்சை எனப் பலவிடத்தும் தமிழர் ஆங்கிலத்தைக் கையாள வேண்டியிருத்தலின், இச்சிறு சொல்லை வேறு சொற்களினின்றும் பிரித்தறியும் முறை யாவர்க்கும் பயன்படுவதாகும்.

சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுப்பது தமிழ் மரபு. ஆங்கில இலக்கணமோ சொற்களை எட்டாக வகுக்கும். அவ்வெட்டு வகுப்பும் ஆங்கிலேயர் தாமே கண்டதன்று. கி. மு. இரண்டாம் நூற்றாண்டினரான தியோனீசியசு திராக்சு என்னும் கிரேக்கர் பெயரால் வழங்கும் இலக்கண நூலில் சொல் எட்டு வகையாகக் கூறப்படுகிறது. உரோமர் அதனை இலத்தீன் மொழிக்கு ஏற்ப மாற்றிக் கொண்டனர். ஆங்கில ஆசிரியர்கள் இலத்தீனிலிருந்து பெற்றுக்கொண்டனர். வினையடைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘அட்வேர்ப்’ என்னும் பெயரும் இலத்தீன் வழி வந்ததே. வினையைச் சார்ந்து நிற்பது என்பது அதன் பொருள்.

இதில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பழைய கிரேக்க இலக்கணத்தில் வினையடைக்குத் தனியிடம் இருந்தது, பெயரடைக்கு இருக்கவில்லை. ‘நல்ல’, ‘பெரிய’ என்பன போன்ற சொற்களை அவர்கள் பெயர்ச்சொல்லின் ஒரு பிரிவாகவே எண்ணினர். பெயரடை தனிச்சொல்லாகப் பிரிந்தது பிற்காலத்திலேதான். தமிழ் இலக்கணிகளோ பெயரையும் வினையையும் தழுவிப் பண்பை உணர்த்தும் சொற்களை உரிச்சொல் என ஒரே வகையில் அடக்கினர். ‘சால’, ‘நனி’ என்னும் சொற்கள் அத்தகையன. ஆகவே பெயரடைக்கும் வினையடைக்கும் இடையே உள்ள எல்லை எல்லா மொழியிலும் ஒரே இடத்தில் இடப்பட்டதன்று. தமிழ் மாணாக்கன் இவ்விடத்தில் தடுமாறுவானாயின் அது அவன் அறிவின் குறையன்று. இரு மொழிகளின் வேலிகள் வெவ்வேறு இடத்தில் நிற்பதே காரணம்.

இனி, முதல் விதியைக் காண்போர்க்கு அது மிக எளியதாகவே தோன்றும். ஒரு சொல்லின் வடிவத்தை நோக்காது, அது எச்சொல்லுக்குத் தொண்டு செய்கிறது என்பதை நோக்குதல் வேண்டும். ‘எ ஸ்லோ ட்ரெயின்’ என்னுமிடத்து ‘ஸ்லோ’ என்பது ‘ட்ரெயின்’ என்னும் பெயருக்குத் தொண்டு செய்கிறது. எத்தகைய புகைவண்டி என்னும் வினாவுக்கு விடை தருகிறது. ஆகவே அது பெயரடை. ‘த ட்ரெயின் மூவ்ஸ் ஸ்லோலி’ என்னுமிடத்து ‘ஸ்லோலி’ என்பது ‘மூவ்ஸ்’ என்னும் வினைக்குத் தொண்டு செய்கிறது; எவ்வாறு செல்கிறது என்னும் வினாவுக்கு விடை தருகிறது. ஆகவே அது வினையடை.

எத்தகைய, எந்த, எத்தனை என்னும் வினாக்களுக்கு விடையாவது பெயரடை. எவ்வாறு, எப்பொழுது, எங்கே, எவ்வளவு, எத்தனை முறை என்னும் வினாக்களுக்கு விடையாவது வினையடை. ‘யெஸ்டர்டே’ என்பது நேற்று எனக் காலம் காட்டுதலானும், ‘ஹியர்’ என்பது இங்கே என இடம் காட்டுதலானும், ‘ஆஃபன்’ என்பது அடிக்கடி என முறை காட்டுதலானும் வினையடைகளாயின.

ஆயினும் வினையடை என்னும் பெயரைக் கொண்டு அது வினையை மட்டுமே சாரும் என்று எண்ணுதல் தவறு. ‘வெரி ஸ்லோ’ என்னுமிடத்து ‘வெரி’ என்பது ‘ஸ்லோ’ என்னும் பெயரடையைச் சார்ந்து அதன் அளவை மிகுவிக்கிறது. ‘வெரி ஸ்லோலி’ என்னுமிடத்து அதே சொல் வேறொரு வினையடையைச் சார்கிறது. ‘ஃபார்ச்சுனேட்லி’ என்று தொடங்கும் வாக்கியத்தில் அச்சொல், நல்வினைப் பயனாக என்னும் பொருளில், வாக்கியம் முழுவதையும் தழுவி நிற்கிறது. பெயரடையோ பெயரையும், பெயர்க்கு ஈடாக வரும் சொல்லையும் அன்றி வேறொன்றைச் சாராது. பெயரைச் சார்ந்தது பெயரடை. பெயரல்லாத மற்றவற்றைச் சார்ந்தது பெரும்பாலும் வினையடை என்று வரையறுத்துக் கொள்வது நினைவிற்கு எளிது.

தமிழறிந்தவனுக்கு இங்கே இயல்பாக ஒரு துணை கிடைக்கிறது. ‘அழகான பாட்டு’ என்பதில் ‘ஆன’ என்னும் ஈறும், ‘அழகாகப் பாடினாள்’ என்பதில் ‘ஆக’ என்னும் ஈறும் வருகின்றன. முன்னது பெயரைத் தழுவுகிறது. பின்னது வினையைத் தழுவுகிறது. ‘எ பியூட்டிஃபுல் சோங்’ என்பதும் ‘ஷி சாங் பியூட்டிஃபுலி’ என்பதும் இவற்றிற்கு நேராக அமைகின்றன. ‘நல்ல’ என்பதற்கு ‘குட்’ என்பதும், ‘நன்றாக’ என்பதற்கு ‘வெல்’ என்பதும் இவ்வாறே அமையும். ஆதலின் ‘ஆன’ வருமிடத்துப் பெயரடை, ‘ஆக’ வருமிடத்து வினையடை என்னும் கணக்கு பலவிடத்தும் சரியாக வரும்.

அக்கணக்கு எவ்விடத்தில் பொய்க்கும் என்பதை அறிவதே முக்கியம். ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்று தமிழர் சொல்வர். இங்கே ‘ஆக’ ஈறு வந்துள்ளது. அதுகொண்டு ஆங்கிலத்தில் ‘ஷி இஸ் பியூட்டிஃபுலி’ என்று எழுதினால் வாக்கியம் நொண்டும். ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’ என்பதே முறை. ‘மகிழ்ச்சியாக இருக்கிறேன்’, ‘வீடு சுத்தமாக இருக்கிறது’, ‘பாடம் கடினமாக இருக்கிறது’ என்னும் எல்லாவற்றிலும் தமிழ் ‘ஆக’ என்கிறது. ஆங்கிலம் பெயரடையையே வேண்டுகிறது.

இதன் காரணம் தெளிவானது. ‘அவள் இஃது இத்தகையவள்’ என்று எழுவாயின் பண்பைக் கூறுவதே அவ்வாக்கியத்தின் நோக்கம். ‘இஸ்’ என்னும் சொல் ஒரு செயலைக் குறிக்கவில்லை. எழுவாயையும் அதன் பண்பையும் பிணைக்கும் கயிறாக நிற்கிறது. பண்பு சேர்வது ‘அவள்’ என்னும் பெயர்ப்பொருளையே. பெயரைச் சார்ந்தது பெயரடை என்னும் முதல் விதிக்கு இது மாறாகாது. தமிழில் ‘இரு’ என்பது முழு வினையாக நின்று ‘ஆக’ ஈற்றை ஏற்றுக்கொள்வதால், தமிழ்ச் செவி ஏமாறுகிறது.

‘இஸ்’ மட்டுமன்றி வேறு சில வினைகளும் இவ்வாறு கயிறாக நிற்கும் இயல்புடையன. தோற்றம், மணம், சுவை, ஒலி, உணர்வு என்பவற்றைக் குறிக்கும் ‘லுக்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘சவுண்ட்’, ‘ஃபீல்’ என்பனவும், ‘பிகம்’, ‘சீம்’ என்பனவும் அத்தகையன. மாம்பழம் இனிப்பாக இருக்கிறது என்பதற்கு ‘த மாங்கோ டேஸ்ட்ஸ் ஸ்வீட்’ என்பர், ‘ஸ்வீட்லி’ என்னார். மல்லிகை நன்றாக மணக்கிறது என்பதற்கு ‘ஸ்மெல்ஸ் குட்’ என்பர். சுவைப்பது மாம்பழமன்று, மணத்தை முகர்வது மல்லிகையுமன்று. அவற்றின் பண்பே கூறப்படுகிறது.

இங்கே ஒரு சோதனை பயன்தரும். ஐயம் எழுந்த வினையை நீக்கி அவ்விடத்தில் ‘இஸ்’ அல்லது ‘வோஸ்’ என்பதை இட்டுப் பார்க்க வேண்டும். பொருள் பெரிதும் கெடாதாயின் அடுத்து வருவது பெயரடை. கெடுமாயின் அங்கே வரவேண்டியது வினையடை. ‘ஹி லுக்ட் ஆங்ரி’ என்பதில் ‘வோஸ்’ என்பதை இட்டால், அவன் கோபமாக இருந்தான் என்று பொருள் நிலைக்கிறது. அவன் முகம் கோபங்கொண்டதாகத் தோன்றியது என்பதே கருத்து; ஆகவே ‘ஆங்ரி’ என்னும் பெயரடை பொருந்தியது. ‘ஹி லுக்ட் ஆங்ரிலி அட் த டோர்’ என்பதில், அவன் கதவைக் கோபத்தோடு நோக்கினான் என்னும் செயல் கூறப்படுகிறது. இங்கே ‘வோஸ்’ என்பதை இட்டால் வாக்கியம் நில்லாது. ஆகவே ‘ஆங்ரிலி’ என்னும் வினையடை வேண்டப்பட்டது. ஒரே வினைச்சொல் முன்னதில் கயிறாகவும் பின்னதில் செயலாகவும் நிற்பதைக் காண்க.

‘வெல்’ என்னும் சொல் இவ்விடத்திலே கூர்ந்து நோக்கத்தக்கது. ‘ஷி சிங்ஸ் வெல்’ என்னுமிடத்து அது நன்றாக என்னும் வினையடை. ‘ஷி இஸ் வெல்’ என்னுமிடத்து அது உடல் நலமுள்ள என்னும் பெயரடை. நோயுற்றவரை நலம் விசாரிக்கும்போது வரும் ‘வெல்’ பின்னதே.

அடுத்து, ‘லி’ என்னும் ஈற்றின் இயல்பை ஆராய்தல் தகும். பழைய ஆங்கிலத்தில் ‘லிக்’ என்னும் ஒரு சொல் உடல், வடிவம் என்னும் பொருளில் வழங்கியது. அது பிற சொற்களோடு சேர்ந்து, இன்ன வடிவுடைய, இன்ன தன்மையுடைய என்று பொருள் தந்து, காலப்போக்கில் தேய்ந்து ‘லி’ ஆயிற்று. தமிழில் ஆகுதல் என்னும் வினையிலிருந்து தோன்றிய ‘ஆக’ என்பது ஈறுபோல நின்று வழங்குவதை நினைப்பவர்க்கு, முழுச்சொல் தேய்ந்து ஈறாவது புதுமையாகத் தோன்றாது.

‘லி’ ஈறு தோன்றிய வகை இதுவாதலின், அது பெயரடையையும் ஆக்கும், வினையடையையும் ஆக்கும். பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் பெரும்பாலும் பெயரடை பிறக்கும். ‘ஃப்ரெண்ட்’ என்னும் பெயரோடு சேர்ந்து ‘ஃப்ரெண்ட்லி’ என்றாகி, நட்புள்ள என்று பொருள்படும். ‘பிரதர்லி’, ‘கவர்ட்லி’, ‘கோஸ்ட்லி’ என்பனவும் அவ்வாறே. பெயரடையோடு சேர்ந்தால் பெரும்பாலும் வினையடை பிறக்கும். ‘குவிக்’ என்பது ‘குவிக்லி’ ஆவதும், ‘ஹொனஸ்ட்’ என்பது ‘ஹொனஸ்ட்லி’ ஆவதும் இதன்பாற்படும். பெரும்பாலும் என்று கூறியதற்குக் காரணமுண்டு. ‘டெட்’ என்னும் பெயரடையோடு சேர்ந்த ‘டெட்லி’ என்பது கொடிய, கொல்லத்தக்க என்னும் பெயரடையாகவே வழங்குகிறது. ‘டெய்லி’ என்பதோ இரண்டாகவும் நிற்கும். நாளிதழைக் குறிக்கும் ‘டெய்லி பேப்பர்’ என்பதில் அது பெயரடை. நாடோறும் வருகிறான் என்னும் ‘ஹி கம்ஸ் டெய்லி’ என்பதில் அது வினையடை.

‘ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி’ என்று பலர் எழுதுவது இதனை அறியாமையால் நேர்வது. ‘ஃப்ரெண்ட்லி’ என்பது பெயரடை ஆதலின், அதனைச் சுமக்க ஒரு பெயர் வேண்டும். ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று, வழி என்னும் பொருளுடைய பெயரொன்றைச் சேர்த்துக் கூறுவதே ஆங்கில வழக்கு.

‘லி’ ஈறு வந்தும் வினையடையாகாத சொற்கள் உள்ளன போல, அவ்வீறு வராமலே வினையடையாகும் சொற்களும் உள்ளன. ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’, ‘லேட்’ என்பன பெயரடையாகவும் வினையடையாகவும் ஒரே வடிவில் நிற்பன. பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் ஈற்றில் ‘எ’ என்னும் ஒலியைச் சேர்த்து வினையடை ஆக்கும் வழக்கம் இருந்தது. காலப்போக்கில் அவ்வீற்றொலி மறைந்தொழியவே, இரண்டும் ஒரே வடிவாயின. இவ்வரலாற்றைப் பொருட்படுத்தாது, 18ஆம் நூற்றாண்டு இலக்கணிகள் சிலர் பெயரடை வடிவில் நிற்கும் வினையடைகளைக் குறை கூறினர். 1762ஆம் ஆண்டு ஆங்கில இலக்கண நூல் ஒன்றை வெளியிட்ட ரொபட் லௌத் அவர்களுள் ஒருவர். ஆயினும் அவர்கள் கண்டனத்தால் ‘ஃபாஸ்ட்’ என்பது ‘ஃபாஸ்ட்லி’ ஆகிவிடவில்லை. வழக்கே வென்றது.

இவற்றுள் சில சொற்கள் ‘லி’ ஈற்றையும் வேறாகப் பெற்று, பொருளும் வேறுபட்டு நிற்கின்றன. ‘லேட்’ என்பது தாமதமாக. ‘லேட்லி’ என்பது அண்மைக் காலத்தில். ‘நியர்’ என்பது அருகில். ‘நியர்லி’ என்பது ஏறக்குறைய. ‘ஹை’ என்பது உயரத்தில். ‘ஹைலி’ என்பது மிகவும். ‘ஹார்ட்’ என்பது கடினமாக. ‘ஹார்ட்லி’ என்பது அரிதாக. ‘ஹார்ட்லி’ என்பதும் முற்காலத்தில் கடினமாக என்ற பொருளையே தந்தது. கடினமாக நடப்பது அரிதாகவே நடக்கும் என்னும் நினைவு வழியே அதன் பொருள் மெல்ல நகர்ந்தது. தமிழில் ‘அரிது’ என்னும் சொல் செய்தற்குக் கடினமானது, எப்போதாவது நிகழ்வது என்னும் இரு பொருளையும் ஒருங்கே தருவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு இவ்வேறுபாடு மறவாது.

இனி, வினையடையை வினையினின்றும் பிரித்தறியும் முறை. வினைச்சொல்லின் அடையாளம் காலம் காட்டுதல். ஐயமுள்ள சொல்லை இறந்தகாலத்திற்கு மாற்ற இயலுமாயின் அது வினை, இயலாதாயின் அன்று. ‘ஸ்லோ டவுன்’ என்று சாரதிக்குக் கூறும் கட்டளையில் ‘ஸ்லோ’ என்பது ‘ஸ்லோட்’ என இறந்தகாலம் ஏற்கும். ஆகவே அது வினை. ‘டவுன்’ என்பது மாறாது நின்று அவ்வினைக்குத் துணையாகிறது. ஆகவே அது வினையடை. ‘எ ஸ்லோ ட்ரெயின்’ என்பதில் பெயரடையாய் நின்ற அதே சொல் இங்கே வினையாயிற்று. சொல்லின் வடிவத்தை நோக்காது தொண்டினை நோக்குக என்னும் விதியின் பயன் இதுவே.

தமிழ் மாணாக்கர் வினையென்று மயங்கும் வினையடை ஒன்று முக்கியமானது. அது ‘நொட்’ என்னும் எதிர்மறைச் சொல். தமிழில் ‘போகவில்லை’, ‘போகான்’, ‘போகாதே’ என எதிர்மறை வினையோடு ஒட்டியே வரும். ‘போகான்’ என்பதைப் பிரித்து எதிர்மறை வேறு, வினை வேறு என்று யாரும் காட்டுவதில்லை. ஆகவே ‘டஸ் நொட் கோ’ என்னும் மூன்று சொற்களும் சேர்ந்து வினை என்றே தமிழ் மாணாக்கன் கோடிடுவான். ஆங்கில இலக்கண மரபில் ‘டஸ்’, ‘கோ’ என்பன வினைப்பகுதிகள். ‘நொட்’ என்பது இடையிலே புகுந்த வினையடை. ‘நெவர்’, ‘ஆல்வேஸ்’, ‘ஆல்ரெடி’ என்பனவும் இவ்வாறு துணைவினைக்கும் முதல்வினைக்கும் நடுவே வந்து அமரும் இயல்புடையன. நடுவில் இருப்பதால் மட்டும் அவை வினையின் உறுப்பாகிவிடா.

இவையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் கவலையன்றோ என்று கருதுவார்க்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பொன்று விடையாகும். பிறரது அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவோர்க்கு மேலதிகமாக இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கும் சட்டம் அந்நாட்டில் 2004ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பிறர் ஒருவரின் அடையாளத்தை உரிமையின்றி ‘நோவிங்லி’ பயன்படுத்துவோர் என்பது அதன் கருத்து. ‘நோவிங்லி’ என்பது அறிந்து, அறிந்தே என்னும் பொருளுடைய வினையடை.

வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் பொய்யான ஆவணங்களைக் கொடுத்து வேலை பெற்றிருந்தார். அவற்றிலிருந்த இலக்கங்கள் உண்மையாகவே வேறு மனிதர்க்கு உரியனவாய் இருந்தன. பொய்யென்பதை அவர் அறிவார். ஆனால் அவ்விலக்கங்கள் உயிரோடுள்ள ஒருவர்க்கு உரியன என்பதை அறிவாரா? ‘நோவிங்லி’ என்பது ‘பயன்படுத்துதல்’ என்னும் வினையோடு நின்றுவிடும்; ‘பிறர் ஒருவரின்’ என்பது வரை அது செல்ல வேண்டியதில்லை என்று அரச தரப்பினர் வாதித்தனர். அவ்வாதம் ஏற்கப்படுமாயின் அவர் மேலும் இரண்டாண்டு சிறையிலிருத்தல் வேண்டும். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஒருவன் ஒன்றை அறிந்து செய்தான் என்று கூறும்போது, அவன் எதனை, யாருடையதைச் செய்தான் என்பதையும் அறிந்தே செய்தான் என்று கொள்வதே இயல்பான ஆங்கிலம் என்று கூறி, இலக்கங்கள் பிறர்க்கு உரியன என்பதை அவர் அறிந்திருந்தமையை நிறுவுதல் வேண்டும் என முடிவு செய்தது. நீதியரசர் அனைவரும் அம்முடிவில் ஒருமித்தனர். ஒரு வினையடையின் கை எத்துணைத் தூரம் நீளும் என்னும் இலக்கண வினாவிலே ஒரு மனிதரின் ஈராண்டுச் சுதந்திரம் தொங்கி நின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஐயம் தோன்றுமிடத்து வினவ வேண்டியன நான்கு. சொல் எதனைச் சார்ந்து நிற்கிறது? வினை செயலைக் கூறுகிறதா, அன்றி ‘இஸ்’ என்பதுபோலப் பிணைக்கும் கயிறாக நிற்கிறதா? ‘லி’ ஈறு உண்டாயின் அது பெயரோடு சேர்ந்ததா, பெயரடையோடு சேர்ந்ததா? சொல் காலம் காட்டுமா, காட்டாதா? இந்நான்கினையும் முறையே வினவுவோர்க்குப் பெரும்பாலான ஐயங்கள் நீங்கும். மனனம் செய்த பட்டியல் மறந்து போகலாம். வினவும் பழக்கம் மறந்து போகாது.

தொடக்கத்தில் கூறிய இளைஞன் விண்ணப்பத்தை உறையிலிடுமுன் ஒருமுறை நின்று, ‘ஹார்ட்லி’ என்பது தான் கருதிய பொருளைத் தருகிறதா என்று வினவுவானாயின் போதும். இரண்டு எழுத்துகளை நீக்கி, எஞ்சிய சொல்லை வினைக்குப் பின்னே நகர்த்தினால், அவன் பட்ட பாடு அவன் எழுத்திலும் விளங்கும்.